ஸ்கேன் விளம்பரம்

மொஹசின்,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் வெறும் டீயோடு படுத்துவிடாதே. சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது, இறால் தொக்கு சட்டியில். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு முபீனாவிடம் கொடுத்துவிட்டுப் போ. நான் பொன்னேரிக்குப் போகிறேன்.

நேற்று என் போனைப் பார்த்துவிட்டு அந்தக் கத்து கத்தினாய். டேட்டா மிச்சமாகும் என்று நீயே போட்டுக்கொடுத்த பிரவுசர்தானே அது? "இன்னா உம்மா, நீ பாக்குறதெல்லாம் மொதல்ல அந்த பிரவுசர் கம்பெனிக்காரன் சர்வருக்குப் போய், அங்க சுருக்கித்தான் உனக்கு வருது. உன்னை வேவு பாத்துக்கினு இருக்கான். இல்லன்னா ஸ்கேன் விளம்பரமா வந்து கொட்டுமா?" என்றாய். என் கண் முன்னாலேயே அதை அழித்தாய். சரி, நல்லதுக்குத்தான். ஆனால் நான் எதைத் தேடியதால் அந்த விளம்பரம் வந்தது என்று கேட்பாய் என அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு வேலைக்கு, காட்டுப்பள்ளி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய்.

இடது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் பட்டது. உன் வாப்பா இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். மகனிடம் எப்படி வாய்விட்டுச் சொல்வது? அதனால்தான் போனில் தேடினேன். முகம் தெரியாத ஒரு கம்பெனிக்கு விஷயம் தெரியும். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இன்றைக்குத்தான் ஸ்கேன். நீ தூங்கு.

உம்மா

தொக்கில் உப்பு கொஞ்சம் தூக்கல். தயிர் ஊற்றிக்கொள்.

இன்னொன்று. நீயும் இதைப் போனில் தேடிக்கொண்டு உட்காராதே. நான் வந்ததும் என்னைக் கேள்.