ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன ‘ஒண்ணுமில்ல’

ரத்த சொந்தம் எதுவும் இல்லாமலே எனக்கு எல்லாமுமாக இருந்த தேவா மாமுவுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இந்த நெஞ்சு இன்னும் தப்படிதான் போட்டுக்கொண்டிருக்கிறது. நாலு துடிப்பு ஒழுங்காக வரும். அடுத்தது அவசரமாக முந்திக்கொண்டு வந்து தொலையும். பிறகு ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் உள்ளேயிருந்து யாரோ உதைத்த மாதிரி ஓர் அடி. சாப்பிட்டு உட்கார்ந்தால் வரும், இடப்பக்கம் ஒருக்களித்தால் வரும். டீயைக்கூட விட்டுவிட்டேன். ஏழுமலை டீயை விட்டான் என்றால் நீ நம்புவாயா?

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்கும் நாலு மாதம் முன்னால்தான் எனக்கு ஆப்லேஷன் நடந்தது. தொடையிடுக்கு வழியாகக் கம்பியை விட்டு, இதயத்துக்குள் கோளாறு பண்ணிய சின்ன இடத்தைச் சுட்டுவிட்டார்கள். காலை மடக்கவே கூடாது என்றார்கள். தூக்கத்தில் மடக்கிவிடுவேன் என்று என் முழங்கால் மேல் கையை வைத்தபடி, விடிகிற வரைக்கும் இல்லை, அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். “ஒயர கொளுத்திட்டாங்கல்ல, இனிமே ஃபியூஸு போவாதுல்ல?” என்று கேட்டு நர்ஸம்மாவிடம் திட்டும் வாங்கினாய்.

வீட்டுக்கு வந்த பிறகு பழைய படபடப்பு நின்றது. பதிலுக்கு இந்தத் தப்படி ஆரம்பித்தது. நெஞ்சில் ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிகிற பெட்டியைக் கட்டி, எக்கோ எடுத்து, எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: சுட்ட காயம் ஆறுகிறது, கூடுதலாகச் சில துடிப்பு வரத்தான் செய்யும், உங்கள் இதயத்துக்கு இது ஒன்றும் பண்ணாது. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. நம் கன்டெய்னர் யார்டுக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன். நம் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியாதா என்ன. ஒருத்தனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒன்பது பேர் போட்டுப் பார்ப்பார்கள். ஒருத்தனுக்கு டாக்டர் சொன்னது ஊருக்கே சொன்னது. நெஞ்சில் சின்னதாகக் குத்தினாலும் என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். நானும் அரை டாக்டர் ஆகிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயும் அதற்குத்தான் போன் பண்ணினாய். நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றாய். நான் டோல்கேட் பக்கம் கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கொருக்குப்பேட்டையில் ஷீட்டுக் கூரை போட்ட உன் வீட்டில் மே மாதம் வேர்க்காமல் குளிருமா என்று கிண்டல் பண்ணினேன். பிறகு சொன்னேன்.

“ஒண்ணுமில்ல மாமு. எனக்கும் இதே தான் கீது. டாக்டரே சொல்ட்டாரு. துன்னுட்டு படு.”

நீ சாப்பிட்டாய். படுத்தாய். சாயங்காலம் உன்னை எழுப்பப் போன உன் சம்சாரம் எஸ்தர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாம். நான் வந்து பார்க்கும்போது உன் தாடையைக் கட்டியிருந்தார்கள்.

பதினேழு வருடம் உன் கையைப் பார்த்துத்தானே நான் கிரேன் வண்டியில் பெட்டி தூக்கினேன். வண்டியின் கேபினில் உட்கார்ந்தால் முன்னால் தொங்குகிற கன்டெய்னர்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ஆள் நிற்கிறானா, லாரி நிற்கிறதா என்று தெரியாது. நீ கீழே நின்று கையைக் காட்டுவாய், நான் இறக்குவேன். ஒரு நாளும் நீ பார்க்காமல் கையை அசைத்ததில்லை. நான் பார்க்காமலே சொன்னேன் மாமு.

அதிலிருந்து ஒவ்வொரு தப்படிக்கும் செத்துச் செத்துப் பிழைக்கிறேன். மணிக்கட்டில் நாடி பார்க்கிற விரலை எடுக்க முடிவதில்லை. வண்டி ஏறுவதை விட்டுவிட்டு யார்டு கேட்டில் லாரிகளின் சீட்டைச் சரிபார்க்கிறேன். ஒரே மாதத்தில் மூன்று தடவை அவசரப் பிரிவுக்கு ஓடினேன். மூன்றாம் தடவை ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, உங்கள் இதயம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் நம்ப மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டாள். இதே வார்த்தையை நான் ஒருத்தனுக்குச் சொன்னேன், அவன் செத்துப்போனான் என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மாமு, உனக்கு வந்தது வேறாக இருந்திருக்கும், உடனே வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்பதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றாள். பிறகு, இதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டாள். சொல்லவில்லை. முக்கியமாக எஸ்தரிடம் சொல்லவில்லை. வாராவாரம் போய் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு, அண்ணா அண்ணா என்று அவள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். நீயாக இருந்தால் இப்படிச் செய்திருப்பாயா?

போன ஞாயிறு, அவள் சர்ச்சிலிருந்து வந்ததும் போனேன். வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“தெரியும்ணா,” என்றாள். “ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் செருப்பு மாட்டிக்கினு நின்னுகினு இருந்தேன். போனை வச்சிட்டு, ‘ஏழுமலையே சொல்ட்டான், ஒண்ணுமில்ல’ன்னு சிரிச்சாரு. நானும் கயட்டிப் போட்டுட்டேன்.”

இத்தனை மாதம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“நீயா வந்து சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன்.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழம்பு ஆகிவிடும், சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். பாதிச் சோற்றில் எனக்குத் தப்படி ஆரம்பித்தது. கை மணிக்கட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, என்ன பண்ணுகிறது என்று கேட்டாள். அந்தப் பாழாய்ப்போன வார்த்தை உதடு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, தப்பித் தப்பி அடிக்கிறது என்றேன். இது வழக்கம்தான், பழகிவிட்டது என்று எவ்வளவோ சொன்னேன். அவள் கேட்டால்தானே. என் தட்டை மூடி வைத்தாள், தெருமுனைக்குப் போய் ஆட்டோவைக் கூட்டிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். எப்போதும் போலத்தான், கூடுதலாக ரெண்டு துடிப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். எஸ்தர் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, அந்த ரெண்டு எது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினார்கள். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இவ்ளோதானாண்ணா?” என்று கேட்டாள். “ஒரு ஆட்டோ, ஒரு பேப்பரு. அர மணி நேரம். இவ்ளோதானா?”

கேட்டுவிட்டு உடைந்து அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். நடுவில் ரெண்டு மூன்று தடவை எனக்குத் துடிப்பு தப்பியது. தப்பினால் தப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுபடி வண்டி ஏறலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஏறுவேனா என்று தெரியவில்லை. கீழே நிற்பது நீ இல்லையே மாமு. ஆனால் ஒன்று, இது சத்தியம். இனிமேல் எவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன். ஆட்டோவைத்தான் கூப்பிடுவேன். அவன் வேண்டாம் என்று சிரித்தாலும், என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினாலும், இழுத்துப் போட்டுக்கொண்டு போவேன். உனக்கு நான் செய்திருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

எஸ்தர் இன்னமும் அண்ணா என்றே கூப்பிடுகிற,
உன் மச்சான்
ஏழுமலை