நன்று, சுமார், மோசம்

2024, ஜூன் 11, செவ்வாய்

நாசர் மாமாவைக் கொன்றுகொண்டிருப்பது தோல் ஷாப். பீடி இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பீடிப் பழக்கம்’ என்று எழுதிய டாக்டர் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தோல் ஷாப் ஆள், வயது ஐம்பதுக்கு மேல், இருமல். அவருக்கு அது போதும். நான் பிறந்ததிலிருந்து எதிர்வீடு. மாமா பீடி பிடித்து யாரும் பார்த்ததில்லை. தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டியிலும் மருந்து நெடியிலும் நின்றதைத்தான் எங்கள் பேகம்பூரே பார்த்தது.

இன்று எங்கள் ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பு எங்கள் தெருவுக்கு வந்தது. தோல் தொழிலாளரின் உடல்நலமும் மனித உரிமையும். வடமதுரைப் பையன் முகேஷ்குமார் டேப்லெட்டில் பார்த்துக் கேள்வி கேட்க, நான் கூடப் போனேன். முதல் கேள்வி: “உங்க உடம்பு பொதுவா எப்படி இருக்கு?” திரையில் நன்று, சுமார், மோசம். மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும்.

மாமா கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சை இழுத்து, நிறுத்தி, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

ஜெய்தூன் மாமி அடுப்படியிலிருந்து கத்தினார். “விடிய விடிய படுக்க முடியாம உக்காந்தே கெடக்குறாரு. அதையும் சொல்லச் சொல்லு!”

“நீ செத்த சும்மா இரு. தம்பி என்னையத்தான கேட்டுச்சு? ஒன்னய கேக்கும்போது நீ அழு.”

எல்லோரும் சிரித்தோம். முகேஷ் மாமாவை அதிகம் பேசவிடாமல் சீக்கிரம் முடித்துவிட்டான். நல்ல பையன்.

அடுத்த மாதம் தொழிலாளர் அலுவலகத்தில் மாமாவின் மனு விசாரணைக்கு வருகிறது. தொழிலால் வந்த நோய் என்று ஒத்துக்கொண்டால் ஆயுசுக்கும் வைத்தியம், வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின். எங்கள் அறிக்கையைத்தான் சாட்சியாக நம்பியிருக்கிறார்கள். நம்பச் சொன்னது நான்.

ஜூன் 15, சனி

கரண்ட் இல்லை. மாமா தெருவில் நாற்காலி போட்டு, வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 3, புதன்

கணக்கெடுப்பின் அட்டவணை வந்தது. தோல் தொழிலாளரில் பத்துக்கு எட்டுப் பேர் ‘நன்று’. எப்படி?

முகேஷைப் பிடித்தேன். “அல்ஹம்துலில்லான்னா நல்லாருக்கேன்னுதானக்கா அர்த்தம்? எங்க பக்கம் முருகன் புண்ணியத்துலன்னு சொல்வாங்கள்ல, அது மாதிரி.” பயிற்சியிலேயே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

சர்க்கரை முற்றிக் காலை எடுத்தவரும் அதைத்தான் சொல்வார். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் அதைத்தான் சொல்வாள். படைத்தவனுக்குச் சொல்லும் நன்றி அது. உடம்பைப் பற்றிய தகவலா?

இன்னும் கேவலம் ஒன்று உண்டு. ‘நன்று’ என்று தொட்டால் மூச்சு, இருமல், தோல்புண் கேள்விகளை டேப் தானாகவே தாண்டிவிடும். அதனால்தான் அன்று சீக்கிரம் முடிந்தது; கூட இருந்த நான் திரையை எட்டிப் பார்க்கவில்லை. மாமாவிடம் யாரும் எதையும் கேட்கவேயில்லை. டாக்டரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

ஆனந்த்ராஜ் சார்தான் ஆய்வுக்குத் தலைவர். போய் நின்றேன்.

“சபிஹா, அவங்க சொன்னதை நாம மாத்தலாமா? அது அவங்க குரல். அவங்க உரிமை.”

“குரல் இல்ல சார், மரியாதை. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எடுத்த எடுப்புல யாரு சார் ஒப்பாரி வைப்பாங்க?”

“மறுபடி போய்க் கேட்டு வேற பதில் வந்தா, நாம சொல்லிக்கொடுத்தோம்னு ஆயிடும்மா.”

கோபமே படாமல் பேசுகிறார். ஏசி அறை. நடுவில் மூச்சு வாங்காமல் எவ்வளவு நீளமான வாக்கியம் வருகிறது அவருக்கு!

ஜூலை 7, ஞாயிறு

மாமாவிடம் கெஞ்சினேன். “விசாரணையில கேட்டா, மோசமா இருக்குன்னு சொல்லுங்க மாமா.”

“அல்லா மேலயே பிராது கொடுக்கச் சொல்றியா புள்ள?”

“அல்லா மேல இல்ல. ஹாஜியார் மேல.”

ஷாப் முதலாளியைத் தெருவே ஹாஜியார் என்றுதான் சொல்லும். மாமா உள்ளே திரும்பிப் பார்த்தார். மகன் பைசல் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அதே ஷாப், அதே தொட்டி. “அவனும் அங்கனதான நிக்கிறான்” என்றார்.

ஜூலை 12, வெள்ளி

அறிக்கை வெளியீடு. மேடையில் பொன்னாடை. மனித உரிமை, மனித உரிமை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மதியம் பிரியாணி. நான் சாப்பிடவில்லை – பொய். சாப்பிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

விசாரணையில் ஹாஜியாரின் வக்கீல் எங்கள் அறிக்கையையே எடுத்துப் படித்தார். “பத்துல எட்டுப் பேர் ஆரோக்கியமா இருக்காங்க. மனித உரிமைக்காரங்களே சொல்றாங்க.”

எழுந்து, அது தப்பு என்றேன். “நீங்க யாரும்மா?” என்றார் அதிகாரி. அந்த ஆய்வில் வேலை பார்த்தவள் என்றேன். “அப்ப உங்க மையம் எழுதினது தப்புன்னு உங்க மையம்தான் எழுதிக் கொடுக்கணும். உக்காருங்க.”

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மாமா பக்கம் திரும்பி இதமாகத்தான் கேட்டார்: “சொல்லுங்க பாய். உடம்பு எப்படி இருக்கு?”

சொல்லுங்க மாமா. படுக்க முடியல, நாலு எட்டு நடக்க முடியலன்னு சொல்லித் தொலைங்க மாமா –

மாமா எழுந்து நிற்கப் பார்த்தார். பெரிய அதிகாரி அக்கறையாக விசாரிக்கிறார். அவர் வாயில் வேறு என்ன வரும்? அதுதான் வந்தது. வக்கீல் சிரித்துவிட்டார். பிறகு மாமா ரொம்ப நேரம் இருமினார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மனு தள்ளுபடி. மற்றவர்கள் ‘நன்று’ என்பதால் நோய்க்குக் காரணம் பீடி. ஆதாரம் நாங்கள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேலையை விட்டேன். ஆனந்த்ராஜ் சார் வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். நான் விட்டதால் மாமாவுக்கு ஒரு மூச்சாவது கூடுதலாக வந்ததா?

அக்டோபர் 6, ஞாயிறு

விடியற்காலை சுபுஹுத் தொழுகை நேரத்தில் மாமா மௌத். உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். பெண்கள் வாசல் நிலையோடு நின்றோம். வழக்கப்படி பைசல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: “அத்தா உங்கள்ல யாருக்காவது மனசு நோக நடந்திருந்தா, தப்பு செஞ்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க.”

மன்னித்தோம், மன்னித்தோம் என்று குரல்கள். ஹாஜியாரும் சொன்னார். கண் கலங்கித்தான் சொன்னார்.

என்னால் முடியவில்லை. பெண்பிள்ளை சத்தம் போடும் இடம் இல்லை என்று தெரியும். போட்டேன்.

“நீங்க மன்னிக்கிறது இருக்கட்டும் ஹாஜியார். நீங்க அவருகிட்ட மன்னிப்புக் கேளுங்க. முகத்தை மூடுறதுக்குள்ள கேளுங்க!”

பைசல் தலையைக் குனிந்துகொண்டான். முகத்தை மூடினார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தது ஹாஜியார்தான்.