முடிச்சு அவிழவே இல்லை, மதினி!

என் செல்ல மதினிக்கு,

முதலில் சேதி. உங்கள் முடிச்சின் மேல் தப்பே இல்லை! இதைச் சொல்ல எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நம்ம கேஸ் பலூன் மாதிரி ஆகிவிட்டேன். இந்த உடம்போடு எப்படி மிதக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஊர் கேட்க உங்களைக் கேலி செய்தவள் நான். அதனால் இதையும் ஊர் கேட்கவே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும், நீங்கள் வழக்கம்போலச் சிரியுங்கள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தேரடியில் அண்ணன் பலூனில் கேஸ் பிடிப்பான், நீங்கள் நூல் சுற்றி முடிச்சுப் போடுவீர்கள், நான் கூவி விற்பேன். ஜிவ்வென்று மேலே நின்ற பலூன் மறுநாள் காலையில் தரையில் கிடக்கும். வாங்கினவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் என்ன சொல்வேன்? "எங்க மதினி போடுதது லொடுக்கு முடிச்சு அண்ணாச்சி! கேஸெல்லாம் நழுவிப் போயிருக்கும்." கூட்டம் சிரிக்கும். அதுவே உங்கள் பேராகிப் போனது, லொடுக்கு முடிச்சு மதினி.

நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அடுத்த பலூனுக்கு மூன்று சுற்று சுற்றினீர்கள், பிறகு ஐந்து சுற்று. நூல் அறுத்து விரல் நுனி சிவந்து கிடக்கும்.

கடைசித் தபசில் ஒருவர், இறங்கிப்போன பலூனை நம் முன்னால் வீசிவிட்டுப் போனார். அதை எடுத்துப் பார்த்தீர்கள். "ஏட்டி பாக்கியம், இனி நீயே முடிச்சுப் போடு. எங் கையில ஏதோ கோளாறு இருக்கு" என்று தள்ளி உட்கார்ந்தீர்கள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாமே? "ஒத்துக்கிட்டீயளே மதினி!" என்று கை தட்டினேன். அந்த மார்கழியில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் மகளுக்குப் பலூன் வாங்கினார். துபாயில் ஓட்டல் விருந்துகளுக்குப் பலூன் கட்டுவதுதான் அவருக்கு வேலையாம். நான் வாய் சும்மா இராமல், "நாளைக்குக் கீழ இறங்கினா எங்கிட்ட வராதீய பாய், இது எங்க மதினி சொல்லிக்குடுத்த முடிச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். "நாங்க அங்கன ஹீலியம்னு ஒரு கேஸ் பிடிப்போம். உங்க கேஸ் மாதிரி தீப்பிடிக்காது. அந்தப் பலூனும் மறுநாள் மேசைக்கடியிலதான் கிடக்கும். அங்கனயும் உங்க மதினியா வந்து முடிச்சுப் போட்டாவ?"

எனக்குச் சுருக்கென்றது. "பெறவு எப்படி இறங்குது?"

அவர் சொன்னதைக் கேளுங்கள் மதினி. பலூனை மேலே தள்ளுவது சுற்றியிருக்கிற காற்றாம்! காற்றுக்கும் கனம் உண்டாம். எண்ணெயைத் தண்ணீர் மேலே தள்ளுகிறதே, அதுபோல லேசான கேஸைக் கனமான காற்று தள்ளுகிறது. ஆனால் ரப்பர் நம்ம ஊர்த் தறிச் சேலை மாதிரி. எவ்வளவு நெருக்கி நெய்தாலும் தண்ணீர் கசியும் இல்லையா? கண்ணுக்குத் தெரியாத சந்து வழியே கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். பலூன் சுருங்கச் சுருங்கக் காற்று தள்ளுவதும் குறையும். கடைசியில் ரப்பரின் கனம் ஜெயித்துவிடும். இரும்பால் முடிச்சுப் போட்டாலும் இறங்கத்தான் செய்யுமாம்!

வியாபாரத்தைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினேன். உங்கள் நூல் டப்பாவைக் கவிழ்த்தேன். அந்தக் கடைசித் தபசில் வீசப்பட்ட பலூனை அடியில் பத்திரமாக வைத்திருந்தீர்கள். கேஸ் துளியும் இல்லை, வாடிய கத்தரிக்காய் போலச் சுருங்கிக் கிடந்தது. ஆனால் அந்த ஐந்து சுற்று அப்படியே இருந்தது. நகத்தால் நெம்பினேன், பல்லால் இழுத்தேன். ம்ஹூம்.

அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அவிழலையாட்டி?"

"அவிழலண்ணே."

அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நீங்கள் இருக்கும்போதே அந்தக் கடையநல்லூர்க்காரர் லீவில் வந்திருக்கக் கூடாதா, மதினி?

போகட்டும். வருகிற தபசில் தேரடியில் நான் கூவப் போவது இதுதான்: "எங்க மதினி முடிச்சு! பலூன் நாளைக்கு இறங்கும், முடிச்சு என்னைக்கும் அவிழாது!" அந்தப் பட்டப்பேரை இனி யார் சொல்லிக் கூப்பிட்டாலும் நான்தான் திரும்பிப் பார்ப்பேன். இது சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
லொடுக்கு முடிச்சு பாக்கியம்