டெக்லனின் புகைக்குழாய்

என் செல்ல மகளுக்கு,

டெக்லனைப் போல ஒருவனை லிவர்பூல் துறைமுகத்தில் யாரோ பார்த்தார்களாம், குழந்தையோடு தேடிப் போகப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கப்பலுக்குச் சீட்டு வாங்காதே. முதலில் இதைப் படி.

நான்கு வருடத்துக்கு முன், உன்னோடு சண்டை போட்டுவிட்டு அவன் வீட்டைவிட்டுப் போன மறுமாதம், சார்ஜென்ட் ஹாலரன் என் கடைக்கு வந்தார். கரை ஒதுங்கிய ஓர் உடலின் சட்டைப்பையில் இருந்ததென்று ஒரு புகைக்குழாயை மேஜையில் வைத்தார்.

"முகத்தை வெச்சு ஒண்ணும் தெரியல. பழைய பைப்புல இருக்கிற முத்திரையெல்லாம் நீங்க படிப்பீங்களே. உங்க மருமகனோடதான்னு பாருங்க."

உருப்பெருக்கியில் பார்த்தேன். வெள்ளி வளையத்தில் யாழ் முத்திரை, செய்த வருடத்தைக் குறிக்கும் எழுத்து, செய்தவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகள். அதைச் செய்தவர் இரண்டே வருடம்தான் தொழில் செய்தார். அவர் செய்த குழாய் ஒன்றே ஒன்றுதான் என் கைக்கு வந்தது. அதை உன் கல்யாணத்தன்று டெக்லனுக்குக் கொடுத்தேன்.

"இந்த மாதிரி சந்தைக்குச் சந்தை கிடக்கும் சார்ஜென்ட். இது அவனோடது இல்ல" என்றேன்.

உனக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறக்கட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். பிறந்த பிறகும் சாப்பாட்டு மேஜையில் நீ அவனுக்கு ஒரு தட்டு வைத்தாய். எனக்கு வாய் வரவில்லை.

அவன் உன்னை விட்டு ஓடவில்லையம்மா. நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், பெயர் தெரியாதவர்களைப் புதைக்கும் மூலையில், கடல்பக்கச் சுவரிலிருந்து மூன்றாவது குழியில் இருக்கிறான். ஹாலரனிடம் இன்று காலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்லில் பெயர் வெட்ட மனைவியின் கையெழுத்து வேண்டுமாம்.

வா. நான் எதிரில் நிற்கக் கூடாது என்றால், நிற்கமாட்டேன்.

உன் அப்பா