இங்கா தடைச் சட்டம்

ஜூன் 1, ஞாயிறு

இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு, வேங்கிக்காலில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில், 'இங்கா' என்ற சொல் தடை செய்யப்பட்டது. கூடவே மம்மு, தாச்சி, உச்சா ஆகிய மற்ற மழலைச் சொற்களும். பாலுக்குப் பால் என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருப்பதை அவைக்கு நினைவூட்டினேன். தீர்மானத்தை நானே முன்மொழிந்து நானே வழிமொழிந்தேன். கணவர் பிரசாத் செல்பேசியில் இருந்தபடியால் நடுநிலை வகித்தார். மாமனார் மின்விசிறியைப் பார்த்தார். நான்கு மாதமான இனியா விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். நான்கு மாதமாகத் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் "பாப்பாக்கு இங்கா குடுத்தியா, இங்கா போதுதா" என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர் கேட்கிறார். சிலிண்டர் போட வந்தவர் கேட்டார். கேள்வி என் உடம்பைப் பற்றியது. அது பொம்மைச் சட்டை போட்டுக்கொண்டு வருவதால் யாருக்கும் கூச்சமில்லை. பால் என்றுதான் சொல்ல வேண்டும் என்றால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு.

நாளை நான் வேலை பார்க்கும் பள்ளி திறக்கிறது. பகலில் இனியா மாமாவின் பொறுப்பு. அத்தை இறந்து ஆறு வருடம். மாமா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை மெதுவாக இரண்டு முறை ஊதினால் குழந்தை தூங்கிவிடுகிறது.

ஜூன் 2, திங்கள்

காலையில் பால் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தது இரண்டு டப்பா. மாமா பாலாடையில் புகட்டியிருக்கிறார். மதியத்துக்குள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பள்ளி இருப்பது அடி அண்ணாமலைப் பக்கம். உணவு இடைவேளையில் வீட்டுக்கு வந்து திரும்ப முடியாது. ஆசிரியர் அறை ஆண் பெண் எல்லோருக்கும் பொது. தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் கழிப்பறை.

டாக்டர் சொன்னது: எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். எடுக்காவிட்டால் தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு நிறுத்திக்கொள்ளும்.

ஜூன் 5, வியாழன்

தாளாளருக்கு விண்ணப்பம் எழுதினேன். 'தினமும் மதியம் இருபது நிமிடம் தாய்ப்பால் எடுத்துச் சேமிப்பதற்கு, தாழிடக்கூடிய அறை ஒன்றை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' ஒற்றுப்பிழை இல்லை. தமிழாசிரியை எழுதிய கடிதம் என்று பார்த்தவுடன் தெரியும்.

ஜூன் 6, வெள்ளி

தாளாளர் முருகவேல் அழைத்தார். கடிதத்தை மடித்து, மேலே பேப்பர்வெயிட் வைத்திருந்தார்.

"டீச்சர், இது ஃபைல்ல போகும். நாலு பேரு பாப்பாங்க. கொஞ்சம் டீசண்டா மாத்திக் குடுத்துடுங்களேன்."

"எந்த வார்த்தை சார் டீசண்டா இல்ல?"

அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இந்த ஊரில் பதில் தெரியாதவர்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு.

மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

கழிப்பறையில் எடுத்ததைக் குழந்தைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வாஷ்பேசினில் கொட்டினேன்.

ஜூன் 10

கொட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

பள்ளி ஆயாம்மா பொன்னி, கழிப்பறை வாசலில் எனக்குக் காவல் நிற்கிறார். நான் கேட்கவில்லை, அவராகவே துடைப்பத்தோடு வந்து நின்றுகொண்டார். இன்று ஒரு யோசனை சொன்னார்.

"விளையாட்டுச் சாமான் ரூம்பு சும்மாதான கீது டீச்சர். சாருக்கும் பேத்தி பொறந்துகீது. பாப்பாக்கு இங்கா எடுக்கணும் சார்னு சிரிச்சாப்ல கேளுங்க. தலைய ஆட்டிடுவாரு."

"பால்னு கேட்டா?"

"பால்னு கேட்டா ஆம்பள என்னா பண்ணுவாரு பாவம்."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பத்தாம் வகுப்புக்குச் செய்யுள் நடத்தினேன். தாய், மார்பு, சுரக்கும் பால், எல்லாம் வருகிறது. கரும்பலகையில் பெரிதாக எழுதிப் பதவுரை சொன்னேன். வராந்தாவில் நடந்துபோன தாளாளர் நின்று கேட்டுவிட்டு, திருப்தியாகத் தலையசைத்தார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பால் என்றால் ஆட்சேபம் இல்லை.

ஜூன் 28, சனி

அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். இனியா ஆறு கிலோ நூறு.

வரிசையில் நின்ற பெற்றோரிடம் பாலின் பெயர் குறித்துக் கருத்துக் கேட்டேன். எனக்கு முன்னால் நின்ற பெண், தங்கள் வீட்டில் 'பாச்சி' என்றார். தனியார் வங்கியில் வேலை செய்யும் ஒரு தகப்பன், "நாங்க மில்கினுதாங்க சொல்றது. எல்கேஜி இன்டர்வியூக்கு இப்பத்திலேர்ந்தே பழகட்டும்" என்றார். அவர் தோளிலிருந்த விண்ணப்பதாரருக்கு ஐந்து மாதம். மூன்றாவதாக நின்றவர், வள்ளி என்று பெயர், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பால்னு பளிச்சுனு சொன்னா கண்ணு பட்டுடும்க்கா. அதான் இங்கான்றது. எங்க ஓரகத்தி ஜாஸ்தி பீத்திக்கினா. மூணே மாசத்துல நின்னுபோச்சு."

அறிவியல்படி அப்படி எதுவும் இல்லை என்று விளக்கினேன். வள்ளி கேட்டுக்கொண்டு, தன் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினார். என்னிடமிருந்து.

ஜூலை 3, வியாழன்

வீட்டில் சட்டம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மாமா அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. சொல்லப்போனால் எதையும் சொல்வதில்லை. முன்பெல்லாம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் எத்தனை டப்பா குடித்தாள், எத்தனை மிச்சம் என்று ஒப்பிப்பார். இப்போது "நல்லாருக்கிறாம்மா" என்பதோடு சரி. நிம்மதி.

பிரசாத் நண்பனிடம் போனில், "நம்ம வீட்டு கேன்டீன் சாயங்காலந்தான் ஓப்பன் மச்சான்" என்றார். பட்டியலில் அந்தச் சொல் இல்லை. திருத்த மசோதா கொண்டுவர எனக்குத் தெம்பில்லை.

காலை டப்பா இரண்டிலிருந்து ஒன்றரை ஆகியிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பள்ளி விட்டு, கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்கு நடந்தேன். கேட்காமலே கால்வாசிப் புண்ணியம்.

பாதி வழியில் மார்பு இரண்டும் கல்லாகி, ரவிக்கை நனைய ஆரம்பித்தது. புத்தகப் பையை முன்னால் அணைத்துப் பிடித்தேன். பத்தவில்லை. பக்கத்தில் வெறுங்காலோடு நடந்த ஓர் அம்மா, எந்த ஊரோ தெரியாது, தன் தோளிலிருந்த துண்டை எடுத்து என்மேல் போர்த்தினாள்.

"இங்கா ஒழுகுது பாரு. மூடிக்கினு சீக்கிரம் வூட்டுக்குப் போ. கொயந்த காத்துனு இருக்கும்."

தடை விவரத்தை அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. துண்டைத் திருப்பிக் கொடுக்கத் தேடியபோது கூட்டம் அவளைக் கொண்டுபோயிருந்தது.

வீட்டுக்குப் போனால் இனியாவுக்குப் பசியே இல்லை. நனைந்தது மிச்சம்.

ஜூலை 18, வெள்ளி

ஒரு டப்பா. நிரம்பவில்லை.

ஜூலை 26, சனி

ஆறு கிலோ தொள்ளாயிரம். ஒரு மாதத்தில் எண்ணூறு கிராம். அங்கன்வாடி டீச்சர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு டப்பாப் பாலில் இப்படி ஒரு வளர்ச்சியா என்று எனக்கே பெருமையாக இருந்தது. வள்ளி எங்கேயாவது நிற்கிறாரா என்று தேடினேன்.

மதியம் நகவெட்டியைத் தேடி, ஆணியில் தொங்கும் மாமாவின் பழைய நடத்துநர் பையைத் துழாவினேன். உள்ளே பால் பவுடர் டின். பாதி காலி. அதோடு ஒரு ஃபீடிங் பாட்டில், அவருடைய கைக்குட்டையில் சுற்றி.

மாமா வாசலில் நின்றிருந்தார்.

"எப்பத்துலேர்ந்து மாமா?"

"ஒரு மாசம் இருக்கும்மா. கொயந்த அழுவுது. ஃப்ரிட்ஜுல கம்மியாயினே வந்துச்சு. டாக்டராண்ட கேட்டுக்கினுதான் வாங்கனேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. மின்சாரம் இல்லை.

"எப்பிடிம்மா சொல்றது. நீ மருமவ. இங்கா பத்தலைனா வாயில வரும். அது வேணான்னுட்ட. இன்னொன்னு இந்த வாயில வரமாட்டேங்குது. ரெண்டு தபா வந்தேன் சொல்லலாம்னு. முடில."

முப்பது வருடம் ஓடுகிற பேருந்தில் ஆயிரம் பேரை அதட்டிய வாய்.

என்ன எழுதுவது. பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்னு நான்தானே எழுதினேன். சரியாத்தான் நடந்திருக்கு. வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார், சிலிண்டர்காரர் கேட்கிறார். வாயை மூடினது இவர் ஒருத்தர்தான் — சொல்லியே ஆகவேண்டிய ஒருத்தர். ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அந்த விளையாட்டு ரூமுக்கு என்ன வேணா சொல்லிக் கேட்டிருப்பேனே. கேட்டிருப்பேனா? தெரியல.

டின்னை மறுபடி பையிலேயே வைத்தேன். பிறகு எடுத்து அடுக்களை அலமாரியில் வைத்தேன்.

ஜூலை 28, திங்கள்

புதிய கடிதம். 'பாப்பாவுக்கு இங்கா எடுக்க ஒரு சின்ன இடம் வேண்டும் சார்.' முழு வாசகமும் இவ்வளவுதான். கொடுக்கும்போது சிரித்தேன் என்று பொன்னி சாட்சி சொல்கிறார்.

தாளாளர் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர். எங்க வூட்டுலயும் பேத்திக்கு இங்காதான்" என்றார். விளையாட்டுச் சாமான் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, திரை போட்டு, முறையாகவே திறந்துவிடலாமாம். அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கால் டப்பா. டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். பூண்டு, சுறாப் புட்டு, வெந்தயக் களி — தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வள்ளி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார். அதையும் செய்தேன். எழுதிவைக்கிறேன், மறுக்க முடியாதபடிக்கு.

ஆகஸ்ட் 9, சனி

அடுத்த பௌர்ணமி. வீட்டிலேயே இருந்தேன். இனியா இரண்டு நிமிடம் சப்பிப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை. மாமா பாட்டிலைக் குலுக்குகிற சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்ததும் அறையைத் திறந்தார்கள். ரிப்பன் உண்டு. கதவில் இளஞ்சிவப்புப் பலகை: 'குட்டி பாப்பா இங்கா கார்னர்'. கீழே கண்ணடிக்கிற பாட்டில் படம். உட்புறம் நல்ல தாழ்ப்பாள், நாற்காலி, சிறிய ஃப்ரிட்ஜ். குறை சொல்ல எதுவுமில்லை. தாளாளர் பேசும்போது, தாய்மையைப் போற்றுவது இப்பள்ளியின் மரபு என்றார். நாற்காலியில் உட்காரவைத்து என்னைப் படமெடுத்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

பொன்னி மட்டும் கைதட்டவில்லை. சாவியை என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 20, புதன்

மாமா கடைக்குப் போய்ப் புது டின்னோடு வந்தார். பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். "இங்கா வாங்கியாந்துட்டேம்மா" என்றார். அலமாரியில் வைக்கச் சொன்னேன்.