மாஸா, மெஸ்ஸா?

சைகோன், வெள்ளி இரவு

ஆமாம், வேலை நேரத்தில் பூசைக்குத்தான் போனேன். சினிமாக் கொட்டகையில் ஒலிபெருக்கி வயரைக் காட்டி துரை பிரெஞ்சில் "மாஸ்" என்றார். வயரைச் சுற்றியுள்ள கம்பி வலையை ஒலிபெருக்கியின் இரும்புப் பெட்டியோடு சேர்க்கச் சொல்லியிருக்கிறார். என் காதில் "மெஸ்", பூசை என்று விழுந்தது. ஓடிவிட்டேன்.

கோயிலில் இந்த ஊர் அன்னாமியக் கிழவி ஒருத்தி, காரைக்காலில் எங்கம்மா பாடுவது போலவே லத்தீனைத் தப்புத் தப்பாகப் பாடினாள். அம்மா போனபின் இன்றுதான் அதைக் கேட்கிறேன். எழுந்து வர மனமில்லை.

திரும்பி வந்தால், வலையைச் சேர்க்காததால் ஒலிபெருக்கி ஒரே இரைச்சல். கூட வேலை செய்யும் சூசை சிரித்தான். "பள்ளிக்கூடத்த பாதில விட்டா இப்புடித்தான்டா!"

நாளைய ஆட்டத்தில் இரைச்சல் கேட்டால் எனக்கு வேலை போய்விடும். பெட்டியில் வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டி, வலை இரும்பில் படும்படி இறுக்க வேண்டும். சூசை கொட்டகைச் சாவியோடு கீழே நின்று கத்துகிறான். "வாடா சாமியாரே!"

போகணும்.