இரண்டு ஸ்பூன் கிளிசரின்

ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். கப்பலில் பயணிகளுக்கு முடி வெட்டுகிறவருக்கு மணியடித்தால் சாப்பாடு. பொறாமையில்தான் எழுதுகிறேன்.

கோபப்படாமல் படியுங்கள். நம் சலூனைத் திறந்துவிட்டேன். நீங்கள் போன மறுமாதமே கட்டிடக்காரர் வந்து, பூட்டிக் கிடக்கிற கடையை வேறு ஆளுக்கு விடப்போவதாகச் சொன்னார். ஜூனில் நீங்கள் வரும்போது அங்கே செருப்புக் கடை இருந்திருக்கும். நானே நடத்துகிறேன் என்றேன். சிரித்துவிட்டு, மே மாதம் வரை பார்ப்பதாகவும், ஆள் வந்து போனால் கடை நம்மிடமே இருக்கட்டும் என்றும் சொல்லிப் போனார்.

கல்யாணம் வரை அப்பாவின் கடையில் கத்தி பிடித்தவள் நான். முடி வெட்டுவதில் குறையில்லை. சவரத்தில்தான் உதைக்கிறது. இங்கே உப்புத் தண்ணீர், தலைக்கு மேல் மின்விசிறி, என் கையோ இன்னும் மெதுவு. இடது கன்னத்தை முடித்து வலது கன்னத்துக்கு வருவதற்குள் நுரை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி வெடிக்கிறது. நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சோப்புக் கிண்ணத்தில் எதையோ ஊற்றுவீர்களே, அது என்ன? எங்கே கிடைக்கும்? உடனே எழுதுங்கள்.

உங்கள் வாயாடி


பிப்ரவரி 2

வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்த சூட்டில் ஒரு பயணியின் கிருதாவை ஒரு பக்கம் மட்டும் ஏற்றி வெட்டிவிட்டேன். அவரிடம் வாங்கிய திட்டும் உன் கணக்கில்தான்.

யாரைக் கேட்டுத் திறந்தாய்? சமையலறையில் வேலை பார்க்கிற நம் தெருக்காரனுக்கு வீட்டிலிருந்து சேதி வந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்கிறான்: "என்னண்ணே, நீங்க இங்க வெட்டுறீங்க, அண்ணி அங்க ஊர் ஆம்பளைங்க தாடையப் பிடிக்கிறாங்களாமே?" தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

கிண்ணத்தில் ஊற்றுவது என் தொழில் ரகசியம். அது உனக்குத் தேவையில்லை. கடையைப் பூட்டு. சாவியை என் அக்காவிடம் கொடு.

உன் கணவன்


பிப்ரவரி 20

அத்தானுக்கு,

பூட்டமாட்டேன்.

போன வருடம் உங்கள் மணிக்கட்டு பிசகியபோது நாற்பது நாள் உங்கள் தாடையைப் பிடித்தது யார்? அப்போது என் கை இனித்ததா? "உன் கைக்கு பஞ்சு தோத்துடும்" என்று சொன்ன அதே வாய்தானே இது? தெருக்காரன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை அங்கேயே கேட்டிருக்க வேண்டாமா? அவனை விட்டுவிட்டு என்மேல் பாய்கிறீர்கள்.

மூன்று வாடிக்கைக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் எரிகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பாதி சவரத்தில் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு வயிறு எரிந்தது. கட்டிடக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து வாசலில் நின்று தலைகளை எண்ணிவிட்டுப் போகிறார்.

ரகசியமாம் ரகசியம். என்னிடம் மறைக்க நான் என்ன எதிர்க்கடைக்காரியா? சொல்ல மனமில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

வாயாடி


மார்ச் 11

அன்பு வாயாடிக்கு,

கோபம் ஆறிவிட்டது. யோசித்துப் பார்த்தால் நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நான் ஊற்றுவது கிளிசரின். வேறொன்றும் இல்லை. மருந்துக்கடையில் கேள். பாத வெடிப்புக்குப் பூசுகிற களிம்பு இருக்கும் தட்டில் சின்னப் பாட்டிலாக வைத்திருப்பார்கள். அங்கே இல்லையென்றால் கேக் செய்கிற சாமான் விற்கும் கடைக்குப் போ. மேலே பூசும் சர்க்கரை காய்ந்துபோகாமல் இருக்க அவர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள். பன்னீர் கலந்ததைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதே. தனிக் கிளிசரின் என்று அழுத்திக் கேள்.

கிண்ணத்தில் சோப்பைப் போட்டதும் இரண்டு ஸ்பூன் தாராளமாக ஊற்றிப் பிரஷ்ஷால் அடி. நுரை கடைசிவரை காயாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அத்தான்


ஏப்ரல் 3

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மருந்துக்கடைக்கு ஓடினேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார், ஏதாவது நாடகத்தில் அழப்போகிறேனா என்று. அழுவதற்கு எனக்கு மருந்து வேண்டாம், வீட்டுக்காரர் போதும் என்றேன். இருவரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக நம் தபால்காரர் அண்ணன் உட்கார்ந்தார். இரண்டு ஸ்பூன் ஊற்றினேன். நுரை எழவே இல்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி படுத்துவிட்டது. பழகப் பழக வரும் என்று நினைத்து, உங்களை நம்பி, அதையே பூசினேன். தாடை என் விரலில் நிற்காமல் வழுக்கியது. காதுக்குக் கீழே கத்தி இறங்கிவிட்டது. படிகாரத்தை எவ்வளவு அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. மூன்று தையல். அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். காதுக்கு மருந்து விடுகிற குழாயால் ஒவ்வொரு சொட்டாகக் கிண்ணத்தில் விட்டு, அடித்து, என் கையிலேயே பூசிப் பூசிச் சிரைத்துப் பார்த்தேன். முழங்கை வரை ஒரு முடி மிச்சமில்லை. ஐந்து சொட்டு, அத்தான். ஐந்தே சொட்டில் நுரை வெண்ணெய் மாதிரி நிற்கிறது. மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் ஆகியும் காயவில்லை. ஏழு, எட்டைத் தாண்டினால் வழுக்குகிறது.

பதினைந்து வருடம் தினமும் ஊற்றிய கைக்கு ஐந்து சொட்டுக்கும் இரண்டு ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாதா? தவறி எழுதினீர்களா, தெரிந்தே எழுதினீர்களா? இதற்கு மட்டும் பதில் போடுங்கள்.


ஏப்ரல் 27

வாயாடிக்கு,

தெரிந்தேதான் எழுதினேன்.

வெட்டுப்படும் என்று நினைக்கவில்லை. நுரை வராது, ஆட்கள் வரமாட்டார்கள், நீயே அலுத்துப்போய் மூடிவிடுவாய் என்று நினைத்தேன். நான் இல்லாமலே கடை ஓடிவிட்டால் நான் எதற்குத் திரும்பி வர வேண்டும்? இங்கே படுத்தால் இதே நினைப்பு. உனக்கு இது புரியாது. எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு நிற்கிறவள் நீ. என்னைக் கேட்காமல் திறந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது, அதையும் யோசித்துப் பார்.

ஜூன் முதல் வாரம் வருகிறேன். தபால்காரரிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாற்காலியை என்னிடம் விட்டுவிட்டு நீ வீட்டைப் பார். நடந்ததை இரண்டு பேரும் மறந்துவிடுவோம்.

உன் அத்தான்


மே 16

அத்தானுக்கு,

நீங்கள் ஒத்துக்கொண்ட கடிதத்தை என் கையில் கொண்டுவந்து கொடுத்ததே அவர்தான், காதுக்குக் கீழே தழும்போடு. அவர் எதிரிலேயே பிரித்துப் படித்தேன். முகம் மாறியதைப் பார்த்து, "என்னம்மா, அவருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்துவைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

என்மேல் கோபம் என்றால் என்னைத் திட்டுங்கள், வாயாடி என்பதற்குப் பதில் வேறு எதையாவது சொல்லிக் கூப்பிடுங்கள், வாங்கிக்கொள்வேன். கடையை இழுத்து மூடச் சொன்னதைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் என் கையில் கத்தி இருக்கிறது, அது இன்னொருவர் கழுத்தில் இருக்கிறது என்று தெரிந்தே பொய் எழுதினீர்கள். அதுவும் அன்பு என்று தொடங்கி. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கொதிக்கிறது.

நேற்று கட்டிடக்காரர் வந்தார். வாடகைச் சீட்டை என் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்க்கடைக்குப் போன மூவரில் இருவர் திரும்பிவிட்டார்கள்.

நீங்கள் வாருங்கள். வீடு உங்களுடையதும்தான். சோறு போடுவேன், சண்டையும் போடுவேன், இரண்டிலும் குறை வைக்கமாட்டேன். கடையில் மட்டும் உங்களுக்கு நாற்காலி இல்லை.

இன்று காலை தபால்காரர் அண்ணன் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். விஷயம் எல்லாம் தெரிந்தும், கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார். அந்தக் கழுத்தை உங்கள் கையில் கொடுக்க என்னால் முடியாது.

வாயாடி